சாவி கொடுத்தாயிற்று, அப்புறம்? பெரும்பாக்கம் குடியேற்றத்தின் முதல் மாதங்கள்

வீடு மாறுகிறவர்கள் நாள் பார்ப்பார்கள். ஆடியும் மார்கழியும் கூடாது. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடியட்டும், மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். முதலில் ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், சாமி படம் போகும். பால் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கு ஒரு வாய் கொடுத்த பிறகுதான் பீரோவும் கட்டிலும் ஏறும். வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏதோ ஒரு அளவில் இதைச் செய்கிறார்கள். எப்போது போவது, யார் பக்கத்தில் போவது, எதை முன்னால் எடுத்துப்போவது என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கிறது.

சென்னையில் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து, நகரத்துக்குத் தெற்கே அரசு அடுக்குமாடி வீடுகள் கட்டிய பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. நாள் சொன்னது அரசு. அண்டை வீட்டைச் சொன்னது குலுக்கல். எடுத்துப்போக முடிந்தது லாரியில் ஏறியது மட்டும்.

பெரும்பாக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களோடு நின்றுவிடுகிறது. ஒன்று, நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. இன்னொன்று, கட்டடத்தின் தரம். இரண்டும் முக்கியம்தான். ஆனால் குடியேறிய முதல் சில மாதங்களில் நடந்தவற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டில் பாதிக்கு மேல், தூரத்தையும் கட்டடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டே தவிர்த்திருக்கக் கூடியது. மாற்றிய மாதம், மாற்றிய வரிசை, வீடு ஒதுக்கிய முறை ஆகியவற்றில் அது அடங்கியிருக்கிறது. இதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க நினைக்கிறேன்.

எப்படி வந்தார்கள்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-ல் வந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது வாரியத்தின் வாசகம். தொடக்கக் காலத்தில் குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோதான் மாடி வீடு கட்டினார்கள். நொச்சிக்குப்பத்து அடுக்குமாடிகள் அப்படி வந்தவை. மீன் பிடிக்கிறவர் கடலை விட்டுப் போகவில்லை, பூ விற்கிறவர் கோயிலை விட்டுப் போகவில்லை.

2000-ஐ ஒட்டி இந்த வழக்கம் மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. இன்று அங்கே 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்குப் போயின. அதன் பிறகு பெரும்பாக்கம். மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியில் எட்டடுக்குக் கட்டடங்கள், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் 400 சதுர அடிக்குள். சென்ட்ரலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வரத் தொடங்கின. வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. சனங்கள் இன்னும் 'போர்டு வீடு' என்றுதான் சொல்கிறார்கள்.

லாரி வந்த நாள்

கணக்கெடுப்பு முன்பே நடந்திருக்கும். குடும்ப அட்டை, ஆதார், குடும்பத் தலைவியின் புகைப்படம் எல்லாம் பதிந்திருப்பார்கள். அப்புறம் பல மாதம் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு வாரத்தில் டோக்கன் வரும், லாரி வரும், மாநகரப் பேருந்து வரும், கூடவே பொக்லைன் இயந்திரமும் வரும். சாமானை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கடைசி வீட்டிலிருந்து இடிப்பு தொடங்கிவிடும். பழைய வீட்டைப் பெருக்கி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வருவதற்கு நேரமில்லை.

லாரியில் என்ன ஏறும் என்பதைக் கவனித்தால் அந்தக் குடும்பம் என்ன வேலை செய்து பிழைத்தது என்பது தெரிந்துவிடும். பீரோ, கட்டில், டிவி, மிக்ஸி, நீலப் பிளாஸ்டிக் டிரம், சாமி படங்கள், கூண்டோடு கோழி. கூடவே தையல் மிஷின், இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டி, இட்லிக் கொப்பரை, பஜ்ஜி போடும் இரும்புச் சட்டி. மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் லாரியில் ஏறாது. அதை யாராவது மிதித்துக்கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும். விட்டுவிட்டு வந்த வண்டி திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பெரும்பாக்கத்தில் இறங்கியதும் சிக்கல் வேறு மாதிரி. பீரோ லிஃப்டில் நுழையாது. ஐந்தாம் மாடி என்றால் ஐந்து மாடியும் படி வழியாகத் தூக்க வேண்டும். அன்றைக்கே நூறு குடும்பம் இறங்கியிருக்கும்போது தூக்கிக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கேட்பார்கள். வயதானவர்கள் கீழே சாமானுக்குக் காவல் இருப்பார்கள், இருட்டும் வரை. பிள்ளைகளுக்குச் சோறு கடையில் வாங்கவேண்டும், கடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. இடமாற்றச் செலவுக்கு 5,000 ரூபாய் என்று அரசு ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணம் கையில் இருக்கவேண்டிய நாள் இதுதான். வங்கிக் கணக்கு சரிபார்த்து அது வந்து சேருவதோ பின்னால்.

தள்ளுவண்டியும் கொப்பரையும் வந்து சேர்ந்த குடும்பத்துக்கு அடுத்த கேள்வி, அதை எங்கே வைப்பது. வாசலில் அடுப்பு வைத்து இட்லி சுட்ட அம்மாவுக்கு ஆறாம் மாடியில் வீடு. மாவு அரைக்கலாம், வேகவைக்கலாம், யாருக்கு விற்பது? கீழே கொண்டுவந்து விற்கலாம் என்றால் பாத்திரத்தோடு லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். வீடு ஒதுக்கும் படிவத்தில் தொழில் என்ன என்று ஒரு வரி கேட்டு, வீட்டிலேயே வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தரைத்தளத்தில் இடமோ ஒரு பொதுக் கடை வரிசையோ தந்திருந்தால் இந்தக் குடும்பங்களின் வருமானம் முதல் நாளே அறுந்திருக்காது.

குலுக்கல்

வீடு ஒதுக்குவதற்குக் குலுக்கல்தான் நியாயம் என்ற எண்ணம் நிர்வாகத்தில் ஆழமாக இருக்கிறது. யாருக்கும் சலுகை இல்லை, சிபாரிசு இல்லை, சீட்டில் வந்தது உனக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் தரைத்தளத்தில் முன்னுரிமை உண்டு. காகிதத்தில் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல இடமில்லை.

தெருவில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கேடு புரியும். ஆற்றங்கரைக் குடிசைத் தெரு என்பது நாற்பது, ஐம்பது வருடம் ஒன்றாக இருந்த குடும்பங்கள். அங்கே ஒரு பெண் காலை ஐந்தரைக்கு வீட்டு வேலைக்குக் கிளம்புகிறாள் என்றால், எழுந்திருக்காத பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாவியை யாரிடம் வாங்குவது என்று பிள்ளைக்குத் தெரியும். அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் எதிர்வீட்டில் கிடைக்கும். சீட்டு பிடிக்கிற அக்கா தெருக்கோடியில் இருப்பார். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை நான்கு பேர் வந்து பிடித்து உட்காரவைப்பார்கள். பிரசவ வலி கண்டால் ஆட்டோ ஓட்டுகிற தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து வருவார். காசாக மாற்றிப் பார்த்தால் இத்தனையும் எவ்வளவு தேறும் என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை. கணக்கில் வராததால் ஒதுக்கீட்டிலும் அது வரவில்லை.

குலுக்கலில் அந்தத் தெரு பிளாக்குக்கு இரண்டு, மாடிக்கு ஒன்று என்று சிதறியது. ஒரே வளாகம்தானே, நடந்துபோனால் பத்து நிமிடம் என்று சொல்லலாம். காலை ஐந்தரை மணிக்குத் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடியிலிருந்து இறங்கி, மூன்று பிளாக் தள்ளிப் போய், அங்கே ஏழாம் மாடி ஏறி ஆயாவிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டில் இருப்பவர் வேறொரு ஆற்றங்கரையிலிருந்து வந்தவர். நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் இரண்டு வயதுப் பெண்பிள்ளையை அவரிடம் விடுவதற்கு ஒரு தாய்க்கு எத்தனை மாதம் ஆகும்?

எனவே முதல் மாதங்களில் இரண்டில் ஒன்று நடந்தது. ஒன்று, தாய் வேலையை விட்டாள். இல்லையென்றால் மூத்த பெண் பள்ளியை விட்டு வீட்டில் இருந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது நிகழ்ந்த வீடுகளில் அந்தப் பெண் திரும்பப் பள்ளிக்குப் போவது எளிதாக இருக்கவில்லை.

தரைத்தள முன்னுரிமையிலும் இதே ஓட்டைதான். அட்டை தனித்தனி என்பதால் மாமியாருக்குத் தனி வீடு, மகனுக்குத் தனி வீடு என்று கிடைத்த குடும்பங்கள் உண்டு. கேட்க நல்லதாக இருக்கும். கிழவிக்கு ஒரு பிளாக்கின் தரைத்தளம், மகனுக்கு வேறு பிளாக்கின் மேல்மாடி என்று அமைந்தால், அவருக்கு ராத்திரி மூச்சு வாங்கினால் யாருக்குத் தெரியும்?

தெருவைக் கலைக்காமல் ஒதுக்குவதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகாது. கட்டடம் அதேதான், வீடுகளும் அதேதான். இருபது குடும்பம் சேர்ந்து ஒரு குழுவாகப் பெயர் கொடுக்கலாம், குழுவுக்கு எந்த பிளாக், எந்த மாடி என்பதைக் குலுக்கலாம், குழுவுக்குள் யாருக்கு எந்தக் கதவு என்பதை அவர்களே பேசித் தீர்க்கலாம். குலுக்கலின் நியாயமும் கெடாது, ஆயாவும் பக்கத்திலேயே இருப்பார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இது பொதுவிதியாக ஆகாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேலைக்குப் போன பெண்கள்

ஆற்றங்கரைப் பெண்களில் பலர் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம் வீட்டு வேலை செய்தவர்கள். வீட்டு வேலையின் அமைப்பே இப்படித்தான்: ஒரு வீட்டில் ஒரு மணி நேரம், இன்னொரு வீட்டில் முக்கால் மணி, நடுவில் தன் வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டு மதியம் மறுபடி பாத்திரம் தேய்க்கப் போவது. நடக்கிற தூரத்தில் வீடு இருந்தால்தான் நாலு வீட்டுச் சம்பளம் சேரும். பெரும்பாக்கத்திலிருந்து போனால் ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். காலை வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பவும் மாலைக்குப் போக வழியே இல்லை. நாலு வீடு இரண்டானது. தாமதமாக வந்ததால் அந்த இரண்டில் ஒன்றும் போனது. சிலர் மதியம் முழுக்க வேலை செய்யும் வீட்டின் மாடிப்படியிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்திருந்து மாலை வேலையையும் முடித்துவிட்டு இரவு வீடு திரும்பினார்கள்.

இந்த இடைவெளிக்காகத்தான் வாழ்வாதார உதவியாக மாதம் 2,500 ரூபாய், ஒரு வருடத்துக்கு 30,000 என்று அரசு வைத்தது. நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் குடும்பத்துக்கு 83 ரூபாய். போனது நாலு வீட்டுச் சம்பளம் என்பதை நினைத்தால் அது பெரிய தொகை இல்லை. ஆனாலும் ஒழுங்காக மாதாமாதம் வந்திருந்தால் கந்துக்காரரிடம் போகாமல் காப்பாற்றியிருக்கும். முதல் மூன்று மாதத்தில் கடன் வாங்கியவர்களுக்குப் பிற்பாடு வந்த பணம் வட்டிக்கே போனது.

பழைய மகாபலிபுரம் சாலை பக்கத்தில்தானே இருக்கிறது, ஐடி கம்பெனிகளில் வேலை கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைத்தது. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன். ஆனால் அது ஷிப்ட் வேலை. ஒப்பந்தக்காரர் மூலம் எடுப்பார்கள், ஆதாரில் புது முகவரி கேட்பார்கள், வயது பார்ப்பார்கள். ஐம்பது வயதுப் பெண்மணிக்கு மயிலாப்பூரில் இருபது வருடம் பழகிய வீடுகளில் இருந்த மதிப்பு இங்கே இல்லை.

ஒரு விஷயம் நிலைமையை உண்மையிலேயே மாற்றியது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்தத் திட்டம் பெரும்பாக்கத்துக்காகக் கொண்டுவரப்பட்டது இல்லை. ஆனாலும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர்ப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய மறுகுடியமர்வு உதவி எதுவும் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. பேருந்துச் செலவு போக மிச்சம் என்ன என்று பார்த்து வேலையை விட்டவர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் 2016, 2017-ல் வந்தவர்களுக்கு அது நான்கைந்து வருடம் தாமதம். குடியேற்றத்தோடு சேர்த்து ஆறு மாதத்துக்கு இலவச பாஸ் தந்திருந்தால் அன்றைக்கே பலருடைய வேலை பிழைத்திருக்கும்.

டிசம்பரில் பள்ளி மாறுவது

குடியேற்றங்கள் பல கல்வியாண்டின் நடுவில் நடந்தன, அதிலும் டிசம்பரை ஒட்டி. அரையாண்டுத் தேர்வு நேரம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இதில் தெளிவாக இருக்கிறது: பதினான்கு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்க்கை மறுக்கக் கூடாது, பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழை உடனே தரவேண்டும். சிறு பிள்ளைகள் ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள், நெரிசல்தான் பிரச்சினை.

சிக்கியவர்கள் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும். பொதுத்தேர்வு மார்ச்சில். தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் பழைய பள்ளியிலிருந்து போய்விட்டது. பள்ளி மாற முடியாது, மாறவும் கூடாது. அந்தப் பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து பேருந்தில் நின்றுகொண்டே நகரத்துக்குப் போனார்கள். மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்ப இரவு எட்டரை, ஒன்பது. பெண் பிள்ளை என்றால் பேருந்து நிறுத்தத்துக்கு யாராவது போய் நிற்கவேண்டும். நிற்க ஆளில்லாத வீடுகளில் 'இந்த வருஷம் வேண்டாம்' என்ற பேச்சு எழுந்தது. உறவினர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்தவர்கள் பிழைத்தார்கள். உறவினரும் அதே தெருவில் இருந்து அதே லாரியில் வந்தவர் என்றால் அதற்கும் வழியில்லை.

மே மாதம் மாற்றியிருந்தால் இது ஒன்றுமே நடந்திருக்காது. ஆற்றங்கரையில் நாற்பது வருடம் இருந்தவர்களை இன்னும் ஐந்து மாதம் இருக்கவிடுவதில் எந்தத் திட்டமும் கெட்டுப்போகாது. 2015 வெள்ளத்தை ஒட்டிய மாற்றங்களில் அவசரம் இருந்தது என்று ஒத்துக்கொள்ளலாம். அதற்குப் பிந்தைய வருடங்களிலும் டிசம்பர்க் குடியேற்றங்கள் தொடர்ந்ததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், படிக்கவே அலுப்பூட்டும். அனுபவித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் இருந்தவரை அவர்கள் சென்னை மாநகராட்சியில், சென்னை மாவட்டத்தில் இருந்தார்கள். பெரும்பாக்கம் ஊராட்சி. அன்று காஞ்சிபுரம் மாவட்டம், 2019 இறுதியில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. நகரத்திலிருந்து வந்த ஒருவரின் தாலுகா அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், ரேஷன் கடை, வாக்குச்சாவடி, அங்கன்வாடி என்று அத்தனையும் ஒரே நாளில் மாறின. எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி தமிழ்நாட்டுக்கு 2020 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் அட்டையை மாற்றும் வரை பழைய கடைக்கே போய் இருபது கிலோ அரிசியைப் பேருந்தில் தூக்கிவந்தார்கள். முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய். முகவரி மாறிய முதியவர் வீட்டில் இல்லை என்று பதிவானால் அது நின்றுபோகும். மறுபடி உயிர்ப்பிக்க எந்த மாவட்டத்தில் மனு கொடுப்பது என்பதே குழப்பம்.

வீடு எந்த பிளாக் என்று அரசுக்கு முன்பே தெரியும். யார் வருகிறார்கள் என்பதும் கைரேகையோடு தெரியும். இந்த இரண்டையும் வைத்து, லாரி வருவதற்கு முன்பே ஒரு முகாம் போட்டு அட்டை, ஓய்வூதியம், ஆதார், காஸ் இணைப்பு ஆகியவற்றை மாற்றிக் கொடுத்திருக்கலாம். குடியேறிய பிறகு முகாம்கள் நடந்தன என்பது உண்மை. குடியேறிய பிறகு என்றால் அரிசி ஏற்கெனவே இரண்டு மாதம் நின்றிருக்கும்.

முகவரி

புது வீட்டுக்குப் போனால் புது முகவரியைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கும். இங்கே அது இல்லை. கண்ணகி நகர் என்று சொன்னதும் ஆட்டோ வராது, கடன் கிடைக்காது, நேர்காணலில் முகம் மாறும் என்ற புகார் இருபது வருடப் பழசு. பெரும்பாக்கம் அதே சுமையை முதல் நாளே ஏற்றுக்கொண்டது. நகரத்தில் பல தலைமுறை இருந்தவர்கள் திடீரென்று சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். சிலர் பழைய முகவரியையே ஆதாரில் வைத்துக்கொண்டார்கள், வேலைக்காக. அதனால் ரேஷனும் ஓய்வூதியமும் சிக்கின.

கண்ணகி நகர் இந்தக் கெட்ட பெயரை மாற்ற எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள். 2020-ல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன, நகரத்திலிருந்து மக்கள் பார்க்க வந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் ஆடிய கார்த்திகாவை ஊரே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று கொண்டாடியது. குடியேறி இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்ல ஒரு பெண் வரவேண்டியிருந்தது. பெரும்பாக்கத்துப் பிள்ளைகளை அவ்வளவு காலம் காக்கவைக்கக் கூடாது.

வேர் பிடித்த இடங்கள்

நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. வீட்டுக்குள்ளேயே கழிவறை வந்தது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஆற்றங்கரையில் பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் போனவர்கள்தான் சொல்லவேண்டும். ஓலைக் குடிசையில் கோடைதோறும் இருந்த தீப்பயம் போயிற்று. பூட்டிவிட்டுப் போகலாம். ஆற்றில் தண்ணீர் திறந்தால் ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் இந்தப் பக்கமெல்லாம் நீர் தேங்கியது. மேல்மாடியில் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் மின்சாரம் நின்றால் லிஃப்டும் நிற்கும், தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நிற்கும். எட்டாவது அடுக்கில் இருப்பவர் குடத்தோடு படி இறங்கி ஏற வேண்டும். குடியேறிய முதல் மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது கட்டாய வேலையாக இருக்கவேண்டும்.

சனங்கள் தாங்களாகவே வேர் பிடித்த விதத்தில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முதலில் வந்தது கடை. தரைத்தள வீட்டு ஜன்னலில் மிட்டாய், ஷாம்பு பாக்கெட், வெற்றிலை. அடுத்தது காலை இட்லி. ஆறாம் மாடிக்காரம்மா தரைத்தளத்து வீட்டாரோடு பேசி வாசலில் இடம் பிடித்தார், கூலியாக அவர்களுக்கும் காலைச் சாப்பாடு. அப்புறம் சீட்டு. அப்புறம் ஒரு சிறிய அம்மன் மேடை, ஒரு ஜெபக்கூடம். கோயில் வந்த பிறகும் ஆடி மாதம் கூழ் ஊற்றப் பழைய தெரு அம்மனிடமே போகிறவர்கள் இருக்கிறார்கள். இடித்த இடத்தில் கோயில் மட்டும் நின்றுகொண்டிருந்தால் அங்கேயே பொங்கல் வைக்கிறார்கள். வெவ்வேறு பிளாக்கில் சிதறிய தெரு அன்றைக்கு மறுபடி ஒன்றாகச் சேர்கிறது.

போனவர்கள்

எல்லோரும் தங்கவில்லை. சில குடும்பங்கள் முதல் வருடத்துக்குள்ளேயே பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டன. போர்டு வீட்டைப் பூட்டிவைத்தார்கள், அல்லது வேறொருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒதுக்கீட்டு விதிப்படி இது தவறு. ஆய்வுக்கு வருகிற அலுவலர் 'ஒதுக்கீடு பெற்றவர் வசிக்கவில்லை' என்று குறித்துக்கொள்வார், நோட்டீஸ் ஒட்டுவார். இலவச வீட்டை விற்றுவிட்டார்கள், வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறார்கள் என்று வெளியில் பேச்சு கிளம்பும்.

லாபத்துக்காகச் செய்தவர்களும் இருக்கலாம். ஆனால் மாதம் ஐயாயிரம் வாடகை கொடுத்து ஒற்றை அறைக்குத் திரும்பும் ஒரு குடும்பம், சொந்தக் கழிவறையோடு கூடிய வீட்டை விட்டுவிட்டுப் போகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். பத்தாம் வகுப்புப் பெண்ணா, நாலு வீட்டு வேலையா, மருத்துவமனைக்கு அடிக்கடி போகவேண்டிய தகப்பனாரா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததா? போன மாதம் எது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஜனவரியில் போனவர்கள் பள்ளிக்காகப் போயிருப்பார்கள். மூன்றாம் மாதம் போனவர்கள் கடனுக்காகப் போயிருப்பார்கள்.

மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கை ஒன்றை அரசு 2021-ல் வெளியிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும், ஒரு சிறு காரியத்தை இப்போதே தொடங்கலாம். ஆய்வுக்கு வருகிற அலுவலரின் படிவத்தில், பூட்டியிருக்கும் வீட்டுக்கு எதிரே மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போடவேண்டும்: ஒதுக்கீடு பெற்றவர் எந்த மாதம் போனார், எங்கே போனார், என்ன காரணம். பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். இருபதாயிரம் வீட்டு வளாகத்தில் அந்த மூன்று கட்டங்களும் ஒரு வருடம் நிரம்பினால், அடுத்த ஆற்றங்கரைக்கு டோக்கன் கொடுக்கும் மாதத்தையும் அடுத்த பிளாக்கின் ஒதுக்கீட்டு முறையையும் தீர்மானிக்க அது போதும்.